வேட்பாளரின் பழஞ்சுமையும் வாக்காளரின் ஊக்கமும்

மக்களின் வாக்கினாலே சனாதிபதியைத் தெரிவு செய்யும் நாடுகளில், தேர்தல் நெருங்குந்தோறும் ஒரு கேள்வி எழுவது வழக்கம். வேட்பாளர் நாளை என்ன செய்வார் என்பது ஒருபுறமிருக்க, நேற்று என்ன செய்தார் என்பதே அக்கேள்வி. பாராளுமன்றத் தேர்தலிலே கட்சியின் பெயர் வேட்பாளரின் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். நூற்றுக்கணக்கான உறுப்பினருள் ஒருவர் குறையுடையவராயினும் சபை நடைபெறும். சனாதிபதிப் பதவியோ ஒரே ஆளின் கையில் ஒப்படைக்கப்படுவது. ஆகவே அந்த ஒருவரின் பழைய சொல்லும் செயலும், நட்பும் பகையும், கொடுக்கல் வாங்கலும் தேர்தற் களத்துக்கு அவருடன் கூடவே வந்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பழஞ்சுமை என்று கூறலாம்.

இச்சுமை வேட்பாளரை எவ்வாறு தாக்குகின்றது? அவருடைய ஆதரவாளர் மனம் வெறுத்து எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பர். அதனால் அவர் தோற்பார் என்பது பொதுவான எண்ணம். தேர்தல் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் இவ்வெண்ணம் முழுவதும் பொருந்தாமை புலனாகும். கட்சி மாறி வாக்களிப்போர் எக்காலத்திலும் சிலரே. ஏனையோர் தம் கட்சியிலேயே இருப்பர். ஆயினும் தளர்ந்து போவர். வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டவர் இம்முறை கூட்டத்துக்கு மட்டும் செல்வார். அயலவரையும் அழைத்துக்கொண்டு வாக்களிப்பு நிலையத்துக்குச் சென்றவர் தாம் மட்டும் செல்வார். தாம் மட்டும் சென்றவர் அன்று வீட்டிலே தங்கிவிடுவார். பழஞ்சுமை வாக்காளரின் மனத்தை மாற்றுவதிலும் பார்க்க, அவருடைய காலைத் தளர்த்துவதே மிகுதி எனலாம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. இரு வேட்பாளரும் தலைக்கு நூறு ஆதரவாளர் உடையவரெனக் கொள்வோம். முதல் வேட்பாளரின் ஆதரவாளருள் ஒருவர் மறுபக்கம் சென்றால் வித்தியாசம் இரண்டு வாக்கு. அவர் வீட்டிலிருந்துவிட்டால் வித்தியாசம் ஒன்று. இவ்வாறு பார்க்கின், கட்சி மாறுபவரே பெருந்தீங்கு செய்பவர் போலத் தோன்றும். ஆனால் ஒருவர் மாறும் இடத்திலே ஐவர் தளர்ந்தால், தளர்ச்சியினால் வரும் நட்டமே கூடியதாகும். அன்றியும் மாறியவர் பேசுவார். பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும். தளர்ந்தவரோ பேசுவதில்லை. வாக்கு எண்ணி முடிந்த பின்னரே அவர் வராமற்போனது தெரியவரும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1884ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தல் இதனை விளக்கும் பழைய உதாரணமாகும். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் பிளெயின். சனநாயகக் கட்சியின் வேட்பாளர் நியூயோர்க் மாநில ஆளுநராயிருந்த குரோவர் கிளீவ்லாண்ட். இருவர் தோளிலும் சுமை இருந்தது. பிளெயின் முன்னர்ப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவர். அக்காலத்தில் இருப்புப்பாதைக் கம்பெனியொன்றின் கடன்முறிகள் தொடர்பாக அவர் நடத்திய கொடுக்கல் வாங்கல் 1876இலே அம்பலமாயிற்று. அதற்குச் சான்றான கடிதங்கள் முல்லிகன் என்னும் கணக்கெழுதுநரிடம் இருந்தமையால் அவை முல்லிகன் கடிதங்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்றின் இறுதியிலே, இக்கடிதத்தை எரித்துவிடுக என்று பிளெயின் எழுதியிருந்தமை 1884ஆம் ஆண்டுத் தேர்தல் நடக்கும் வேளையிலேயே வெளிவந்தது.

கிளீவ்லாண்டின் சுமை வேறு வகையானது. மணமாகாதவரான அவர், கைம்பெண் ஒருவரின் குழந்தைக்குத் தந்தை என்னும் செய்தியைப் பபலோ நகரப் பத்திரிகையொன்று 1884 யூலையில் வெளியிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதை அறிந்த கட்சி நண்பர்கள் கலங்கினர். என்ன மறுமொழி கூறுவது என்று அவர்கள் கேட்டபோது, உண்மையையே கூறுக என்று கிளீவ்லாண்ட் தந்தி அனுப்பினார். அப்பெண்ணைத் தமக்குத் தெரியுமென்பதையும் குழந்தைக்குப் பணம் கொடுத்ததையும் அவர் மறுக்கவில்லை. அப்பெண் ஒக்டோபரிலே சத்தியக்கடதாசியிற் கூறிய குற்றச்சாட்டு இதனினும் மிகக் கடுமையானது. எனினும் அவள் குரலுக்கு அக்காலத்து வாக்காளர் அதிகம் செவிகொடுக்கவில்லை. சுமையை எடைபோடுபவர் யார், யாருடைய சொல் எடையுள்ளதாகக் கருதப்படுகின்றது என்பனவும் இவ்விடயத்திலே கவனிக்கத்தக்கன.

ஒருவர் சொந்த வாழ்விற் குறையுடையவர், பொதுப்பணியிலே நேர்மையாளர். மற்றவர் குடும்ப வாழ்விற் குறையற்றவர். பொதுப்பணியிலே ஐயத்துக்கு ஆளானவர். ஆகையால் முன்னவரைப் பதவிக்கும் பின்னவரை வீட்டுக்கும் அனுப்புவதே பொருத்தம் என்று ஒருவர் வேடிக்கையாகக் கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது. குடியரசுக் கட்சியினருள்ளே கார்ல் ஷேர்ஸ் முதலான சீர்திருத்தவாதிகள் பலர் வெளிப்படையாகக் கட்சியை விட்டு விலகிக் கிளீவ்லாண்டை ஆதரித்தனர். மக்வம்ப் என்று கேலியாக அழைக்கப்பட்ட இவர்களைப் பற்றியே வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும்.

ஆயினும் பேசாமல் ஒதுங்கியவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நியூயோர்க் மாநிலத்திலே குடியரசுக் கட்சியின் பெருந்தலைவராய் விளங்கியவர் ரொஸ்கோ கொங்ளிங். 1866ஆம் ஆண்டு பிரதிநிதிகள் சபையிலே நடந்த விவாதமொன்றிற் பிளெயின் அவருடைய நடையை வான்கோழியின் நடைக்கு ஒப்பிட்டு எள்ளி நகையாடினார். சபை சிரித்தது; கொங்ளிங் அதனை மறக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் பிளெயின் சனாதிபதிப் பதவிக்கு நின்றபோது, அவருக்காக ஒரு கூட்டத்திலேனும் பேசக் கொங்ளிங் உடன்படவில்லை. 1880இலே குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை அளித்த அவருடைய சொந்த மாவட்டமாகிய ஒனைடா, 1884இலே அக்கட்சியைக் கைவிட்டது. நியூயோர்க் மாநிலம் முழுவதிலும் அளிக்கப்பட்ட பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுள் பிளெயின் ஏறக்குறைய 1,100 வாக்குகளாலே தோற்றார். அம்மாநிலத்தின் 36 தேர்வாளர் வாக்குகளும் கிளீவ்லாண்டுக்குச் சென்றன. அவை பிளெயினுக்குக் கிடைத்திருப்பின் அவரே சனாதிபதி. இத்தோல்விக்குக் காரணம் பல உண்டு. கத்தோலிக்கரைப் புண்படுத்தும் வகையிலே பிளெயினின் முன்னிலையில் ஒரு போதகர் பேசியமையும் அவற்றுள் ஒன்று. எனினும் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளால் முடிவான தேர்தலிலே, ஒரு பழம்பகை ஒரு மாவட்டத்து ஊழியரின் ஊக்கத்தைக் கெடுத்ததைச் சிறிய காரணமென்று தள்ளிவிட இயலாது.

சுமை எப்பொழுதும் வேட்பாளர் தாமே கட்டிய மூட்டையாக இருப்பதில்லை. பிறர் கட்டியதைச் சுமக்க நேர்வதும் உண்டு. 1968ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலிலே சனநாயகக் கட்சியின் வேட்பாளராய் நின்ற ஹியூபேர்ட் ஹம்ப்ரியின் நிலை அதுவே. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1948ஆம் ஆண்டிலிருந்தே குரல் கொடுத்துவந்த அவரை இளைஞரும் முற்போக்காளரும் ஒருகாலத்திலே தம்மவராகக் கொண்டாடினர். ஆனால் லிண்டன் ஜோன்சனின் கீழ் உபசனாதிபதியாக இருந்தமையால் வியட்நாம் யுத்தத்தின் பழி அவரையும் சேர்ந்தது. கட்சி மாநாடு ஓகஸ்ட் மாதம் சிக்காகோவிலே கூடியபோது மண்டபத்துக்கு வெளியே பொலிசார் யுத்த எதிர்ப்பாளரை அடித்து விரட்டிய காட்சியைத் தொலைக்காட்சியிலே நாடு முழுவதும் பார்த்தது. அதன் பின்னர் ஹம்ப்ரி சென்ற ஊரெல்லாம் இளைஞர் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாது தடுத்தனர். அவர்கள் குடியரசுக் கட்சியின் நிக்சனை விரும்பியவர்கள் அல்லர். தம் கட்சியின் வேட்பாளருக்காக உழைக்க மனமற்றவர்கள்.

செப்டெம்பர் இறுதியிலே கருத்துக் கணிப்பொன்றில் ஹம்ப்ரி நிக்சனிலும் பார்க்க நூற்றுக்கு 15 வீதம் பின்தங்கியிருந்தார். அம்மாதம் 30ஆந் திகதி சோல்ட் லேக் நகரிலிருந்து அவர் ஒரு தொலைக்காட்சி உரை ஆற்றினார். தாம் சனாதிபதியானால், சமாதானத்தின் பொருட்டு வட வியட்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்தத் தயார் என்று கூறினார். ஜோன்சனின் கொள்கையினின்றும் அவர் விலகியது சிறிதளவே. ஆயினும் அச்சிறிதளவே போதுமானதாயிற்று. கூச்சல் குறைந்தது, நன்கொடை வரத் தொடங்கியது, விலகி நின்ற ஊழியர் திரும்பினர். யுத்த எதிர்ப்பாளரின் தலைவரான யூஜின் மக்கார்தியோ தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தமது ஆதரவை, அதுவும் அரைமனத்துடன், தெரிவித்தார். 7 கோடிக்கு மேற்பட்ட வாக்குகள் எண்ணப்பட்டபோது ஹம்ப்ரி ஏறக்குறைய 5 இலட்சம் வாக்குகளாலே தோற்றிருந்தார். பழஞ்சுமையை இறக்கி வைக்க முடியும் என்பதற்கும், காலந் தாழ்த்தி இறக்கினால் முழுப்பயன் இல்லை என்பதற்கும் இத்தேர்தல் ஒருங்கே சான்றாகும்.

இரு வேட்பாளரும் பெருஞ்சுமையுடன் நிற்கும்பொழுது நிகழ்வதை 2016ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டிற்று. ஹிலரி கிளின்டன் இராசாங்கச் செயலாளராயிருந்த காலத்தில் அரசாங்க அலுவலுக்குத் தமது சொந்த மின்னஞ்சல் ஏற்பாட்டைப் பயன்படுத்தியது அவரை விடாது தொடர்ந்தது. விசாரணை யூலையில் முடிந்துவிட்டதென்று கருதப்பட்டிருக்க, தேர்தலுக்கு 11 நாள் முன்னதாக, ஒக்டோபர் 28ஆந் திகதி, புதிய மின்னஞ்சல்களும் ஆராயப்படும் என்று புலனாய்வுத் துறையின் பணிப்பாளர் காங்கிரசுக்கு எழுதினார். டொனால்ட் ட்ரம்ப் பெண்களைப் பற்றி 2005இலே இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு அதே மாதம் 7ஆந் திகதி வெளிவந்தது. கலப் நிறுவனம் தேர்தலுக்குச் சற்று முன் நடத்திய கணிப்பிலே ட்ரம்பைப் பற்றி நூற்றுக்கு 61 வீதமானோரும் கிளின்டனைப் பற்றி 52 வீதமானோரும் நல்லெண்ணம் இல்லையெனக் கூறினர். அந்நிறுவனம் அதுவரை பதிவு செய்த தேர்தல்களில் இருவரும் ஒருங்கே இத்துணை வெறுப்புக்கு ஆளான தேர்தல் வேறில்லை.

விளைவு யாது? அமெரிக்கர் பெருந்திரளாகக் கட்சி மாறவில்லை. 2012இலே கரி ஜோன்சன், ஜில் ஸ்டைன் என்னும் சிறு கட்சி வேட்பாளர் இருவரும் சேர்ந்து பெற்ற வாக்குகள் 17 இலட்சத்துக்குச் சற்று அதிகம். 2016இலே அதே இருவர் ஏறக்குறைய 60 இலட்சம் வாக்குகள் பெற்றனர். மிச்சிகன் மாநிலத்திலே வாக்களிப்பு நிலையத்துக்கு வந்து ஏனைய பதவிகளுக்கு வாக்களித்தும், சனாதிபதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டவர் மட்டும் 70,000க்கு மேற்பட்டோர். அம்மாநிலத்தில் ட்ரம்பின் பெரும்பான்மை 10,704. வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுத்த கணிப்பின்படி, நூற்றுக்கு 18 வீதமானோர் இருவரையும் விரும்பாதவர். அவர்களுள் 47 வீதமானோர் ட்ரம்புக்கும் 30 வீதமானோர் கிளின்டனுக்கும் வாக்களித்தனர். கறுப்பின மக்களுள் வாக்களித்தோர் தொகை 2012இலே நூற்றுக்கு ஏறக்குறைய 67 வீதமாயிருந்து, 2016இலே 60 வீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. ஒபாமா வேட்பாளராய் இல்லாமை இதற்கு ஒரு காரணம். விஸ்கொன்சின் போன்ற மாநிலங்களில் அடையாள அட்டை பற்றிய கடுஞ்சட்டம் நடைமுறைக்கு வந்தது இன்னொரு காரணம். எனினும் ஊக்கக்குறைவு ஒரு பெருங்காரணம் என்பதிலே ஐயமில்லை. நாடு முழுவதிலும் கிளின்டன் ட்ரம்பிலும் பார்க்க 28 இலட்சத்துக்கு அதிகமான வாக்குகள் பெற்றார். ஆனால் மிச்சிகன், விஸ்கொன்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலே மொத்தம் ஏறக்குறைய 78,000 வாக்குகள் குறைந்தமையால் பதவியை இழந்தார்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழலாம். பழஞ்சுமை ஊக்கத்தைக் கெடுக்குமாயின், ட்ரம்பின் சுமை அவருடைய ஆதரவாளரின் ஊக்கத்தைக் கெடுக்காதது ஏன் என்பதே அம்மறுப்பு. 2024 மே 30ஆந் திகதி நியூயோர்க் நீதிமன்றமொன்றிலே 34 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அடுத்த 24 மணி நேரத்தில் 5 கோடி டொலருக்கு மேற்பட்ட நன்கொடை திரண்டதென அவருடைய தேர்தற் குழு அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரிலே அவர் 312 தேர்வாளர் வாக்குகள் பெற்று வென்றார். இதற்கு விடை ஆதரவாளர் அச்சுமையை எவ்வாறு நோக்கினர் என்பதிலே உள்ளது. வேட்பாளர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று ஆதரவாளர் எண்ணினால் தளர்ச்சி பிறக்கும். எதிரிகள் எங்களவரைத் துன்புறுத்துகின்றனர் என்று எண்ணினாற் சினமும், சினத்தினால் ஊக்கமும் பிறக்கும். ட்ரம்ப் தம்மை ஒழுக்கசீலர் என்று காட்டி வாக்குக் கேட்டவர் அல்லர். ஆகையால் ஒழுக்கக் குறை வெளிப்பட்டபோது அவருடைய ஆதரவாளர் தாம் ஏமாந்ததாக எண்ணவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையைப் பிரான்சிலே காணலாம். அந்நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிரான்சுவா பியோன் நேர்மையாளர் என்ற பெயருடன் புறப்பட்டார். சட்டத்தின் பிடியிலுள்ளவர் நாட்டுத் தலைமைக்கு ஏற்றவரல்லர் என்னும் கருத்தை அவரே முன்வைத்திருந்தார். பாராளுமன்ற உதவியாளர் என்ற பெயரிலே அவருடைய மனைவி செய்யாத வேலைக்குச் சம்பளம் பெற்றார் என்னும் செய்தியை அவ்வாண்டு சனவரியிலே பத்திரிகையொன்று வெளியிட்டது. வெற்றி பெறுவாரெனக் கருதப்பட்டவர் முதற்சுற்றிலே நூற்றுக்கு 20 வீத வாக்குகளுடன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். சுமையின் பாரம் அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. வேட்பாளர் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டதற்கும் அவர் செய்ததற்கும் இடையிலுள்ள தூரத்தையும் பொறுத்தது என்பதை இவ்விரு உதாரணங்களும் தெளிவாக்கும்.

பிரான்சிலே 2002ஆம் ஆண்டு நடந்த தேர்தல் வேறொரு பாடத்தைத் தருகின்றது. சனாதிபதி ஜக் சிராக்கின் மீது, பாரிஸ் நகர முதல்வராயிருந்த காலத்து முறைகேடுகள் பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தன. முதற்சுற்றிலே அவர் பெற்றது நூற்றுக்கு 20 வீதத்திலும் குறைவு. வாக்காளருள் 28 வீதமானோர் வாக்களிக்கவே இல்லை. இத்தளர்ச்சியினிடையே தீவிர வலதுசாரியான லெ பென் இரண்டாம் இடத்தைப் பிடித்தார். செய்தி கேட்டு நாடு திடுக்கிட்டது. இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். இரண்டாஞ் சுற்றிலே வாக்களியாதோர் 20 வீதமாகக் குறைந்தனர். சிராக்கை ஒருபோதும் விரும்பாத இடதுசாரிகளும் அவருக்கே வாக்களித்தமையால் அவர் 82 வீத வாக்குகள் பெற்றார். வேட்பாளரின் சுமை அப்படியே இருந்தது. வாராதிருத்தலின் விளைவு கண்முன்னே தெரிந்தமையே மக்களை எழுப்பியது.

சனாதிபதித் தேர்தலை 1982ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் இலங்கையிலும் இவ்விடயம் அறியப்படாதது அன்று. யுத்தம் முடிந்து எட்டு மாதங்களின் பின், 2010 சனவரி 26ஆந் திகதி நடந்த தேர்தலிலே முதன்மையான போட்டி, யுத்தத்தை நடத்திய அரசின் தலைவரான மகிந்த ராஜபக்சவுக்கும் அதே யுத்தத்திலே இராணுவத் தளபதியாயிருந்த சரத் பொன்சேகாவுக்கும் இடையே நிகழ்ந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவுக்கு வாக்களிக்கும்படி கேட்டது. நாடு முழுவதிலும் நூற்றுக்கு 74 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தபோது, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலே வாக்களித்தோர் ஏறக்குறைய 26 வீதமே. இடப்பெயர்வும் போக்குவரத்துக் குறைவும் வாக்காளர் இடாப்பிலே ஊரில் இல்லாதோர் பெயர் இருந்தமையும் இக்குறைவுக்குக் காரணங்களாகும். எனினும் இழவு நீங்காத வீட்டிலிருந்தவருக்கு, இவ்விருவருள் ஒருவரைத் தெரிக என்னும் அழைப்பு எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். ஐந்து ஆண்டுகளின் பின், 2015 சனவரியிலே வேறொரு வேட்பாளர் எதிர்நின்றபோது அதே மாவட்டத்தில் 66 வீதமானோர் வாக்களித்தனர். மக்கள் வாக்குரிமையிலே நம்பிக்கை இழந்தவரல்லர் என்பதை இது காட்டுகின்றது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து, ஊக்கம் வேறு, தீர்ப்பு வேறு என்பது தெளிவாகும். ஊக்கம் உள்ளத்தில் எழுவது; கட்டளையிட்டு வருவிக்க முடியாதது. பழஞ்சுமையுள்ள வேட்பாளரைக் கண்டு ஒருவர் ஊக்கம் இழந்தால் அவரைக் குறை கூறுதல் நியாயமன்று. அவ்விழப்பு பல வேளைகளில் மனச்சான்றின் அறிகுறியே ஆகும். கட்சித் தலைவர்கள் அதனை வாக்காளரின் சோம்பலென்று கூறித் தப்பிக்கொள்வது தவறு. சுமையுள்ளவரைத் தெரிந்து நிறுத்திய பொறுப்பும், அச்சுமையைக் காலத்தோடு ஒப்புக்கொண்டு இறக்காத பொறுப்பும் அவர்களுடையன.

தீர்ப்போ ஊக்கத்துக்காகக் காத்திருப்பதன்று. குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, மிகுந்தது எதுவென்று கண்டு துணிதல் வேண்டும் என்பது தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வகுக்கும் முறை. குற்றமே இல்லாதவரைத் தேடுக என்று அவர் சொல்லவில்லை. வேட்பாளரின் பழைய செயல் பதவியோடு தொடர்புடையதா, அதனால் யார் துன்புற்றார், அவர் அதனை ஒப்புக்கொண்டாரா, மீண்டும் செய்யக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டால் எடை ஓரளவு புலப்படும். எடைபோட்ட பின்னர் இருவரும் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அதுவும் ஒரு தீர்ப்பே. எடைபோடாமலே வீட்டிலிருப்பது அத்தகையதன்று. மிச்சிகனிலே இடத்தை வெறுமையாக விட்டவரும் வாக்களிக்க வராதவரும் மறுநாட் காலையில் ஒரே சனாதிபதியின் ஆட்சிக்கே உட்பட்டனர். அவர் இடும் வரியும், நியமிக்கும் நீதிபதியும், தொடங்கும் அல்லது நிறுத்தும் யுத்தமும் ஊக்கமுடையவருக்கும் ஊக்கமற்றவருக்கும் பொதுவானவை.